மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் மாடல்களின் காக்பிட்டுக்குள் எந்தப் பச்சை அடிப்பது?

1/48 அளவில், இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க பி-51டி மஸ்டாங் ஒன்றும் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் ஒன்றும் மாடலாகக் கட்டுகிறீர்கள். கிட்டோடு வந்த தாள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பச்சையைச் சொல்கிறது, இணையத்திலோ படத்துக்குப் படம் நிறம் மாறுகிறது, எதை நம்புவது என்பதுதான் உங்கள் கேள்வி. இரண்டும் வேறு வேறு பச்சை, ஒரே டப்பாவை வைத்து முடித்துவிடாதீர்கள். அதைவிட முக்கியமாக, "இந்த விமானத்தின் உள்நிறம் என்ன" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம், விமானத்தில் எந்த இடம் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் உள்ளே அடித்தது அலங்காரத்துக்கான பெயின்ட் இல்லை, முதலில் அது அலுமினியம் அரித்துப் போகாமல் காக்கிற பூச்சு. அமெரிக்கர்கள் இதற்கு ஜிங்க் குரோமேட் ப்ரைமரை, அதாவது அடிப்பூச்சைப் பயன்படுத்தினார்கள். அதன் இயல்பான நிறம் பச்சை கலந்த மஞ்சள். அதில் கறுப்பு சேர்த்தால் பச்சைப் பக்கம் போகும், சேர்க்கச் சேர்க்க இருண்டுகொண்டே வரும். போரின் ஆரம்ப வருடங்களில் இந்தக் கலவை தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபட்டது, பிறகுதான் இன்டீரியர் கிரீன் என்கிற பொதுவான நிறம் பரவலானது. இன்று நாம் எஃப்எஸ் (அமெரிக்க அரசின் வண்ணத் தர எண்) 34151 என்று தேடுவது அதற்கு நெருக்கமான எண். அந்த எண் முறை வந்ததே 1956இல், அதனால் 1944இல் யாரும் அந்த வண்ண அட்டையைப் பார்த்து பெயின்ட் கலக்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது: முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும் (1 என்றால் கிளாஸ், அதாவது பளபளப்பு, 2 செமி கிளாஸ், 3 மேட், அதாவது பளபளப்பில்லாதது), இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம், அதில் 4 பச்சை, 6 சாம்பல். ஆக 34151 என்றால் மேட் பச்சை.

இன்டீரியர் கிரீன் வந்த பிறகும் எல்லோரும் அதற்கு மாறிவிடவில்லை. ரிபப்ளிக் நிறுவனத்தின் பி-47 தண்டர்போல்ட் காக்பிட் நல்ல அடர்ந்த கரும்பச்சை, மஸ்டாங்குக்கு வாங்கிய டப்பா அதற்கு உதவாது. வாட் நிறுவனம் கட்டிய ஆரம்பகால கோர்சேர் சண்டை விமானங்களின் உட்பகுதிகளில் சிவப்புச் சாயம் கலந்த ப்ரைமர், சால்மன் என்று மாடல் கட்டுபவர்கள் சொல்கிற நிறம், அதைப் பச்சையாக அடித்த மாடல்கள் ஏராளம்.

சரி, உங்கள் மஸ்டாங். காக்பிட்டின் பக்கச் சுவர்களும் உள்சட்டமும் இன்டீரியர் கிரீன், இன்ஸ்ட்ருமென்ட் பேனல் கறுப்பு. தரை பிளைவுட், அதன்மேல் வழுக்காமல் இருக்கக் கருமையான பூச்சு, அதனால் தரைக்கும் பச்சை அடித்துவிட வேண்டாம். கவனிக்க வேண்டிய இடம் சக்கரம் மடங்கி உள்ளே போகிற வீல் வெல். பழைய கிட் தாள்கள் பலவும் அதை முழுக்கப் பச்சையாக அடிக்கச் சொல்லும். போர்க்கால மஸ்டாங்குகளில் பெரும்பாலும் பின்னால் குறுக்கே ஓடும் பிரதான ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் உத்தரம்) மட்டும் மஞ்சள் ஜிங்க் குரோமேட், மற்றபடி வெறும் அலுமினியம். இது தெரிந்து அடித்த மாடலைத் திருப்பிப் பார்த்தால் அத்தனை நன்றாக இருக்கும், எனக்கு மஸ்டாங்கில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

ஸ்பிட்ஃபயருக்கு பிரிட்டிஷ்காரர்கள் அடித்தது சாம்பல் ஓடிய வெளிர் பச்சை, கிரே கிரீன் என்பார்கள். மஸ்டாங்கின் பச்சையில் தெரிகிற மஞ்சள் இதில் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே புரியும். இருக்கைக்குப் பின்னால் உள்ள சட்டத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பச்சை நின்றுவிடும், அங்கிருந்து வால் பக்கம் அலுமினியப் பெயின்ட். இருக்கை இன்னொரு விஷயம். பெரும்பாலான ஸ்பிட்ஃபயர்களில் அது பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்த ஒரு வகை பிளாஸ்டிக், செம்பழுப்பு நிறம், முதுகுப் பக்கம் கறுப்புத் தோல் மெத்தை. உலோக இருக்கை என்றால் சுவரைப் போலவே பச்சை. அந்தச் செம்பழுப்பு ஒன்றே பச்சைக்கு நடுவில் காக்பிட்டைத் தூக்கிக் காட்டும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் சண்டை விமானங்களில் 1941 வாக்கில்தான் திருப்பம், அதற்கு முன் பச்சை ஓடிய சாம்பலான ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் வண்ண எண்) 02, அதற்குப் பின் கருஞ்சாம்பலான ஆர்எல்எம் 66. ஜப்பானின் ஜீரோ சண்டை விமானத்தை மிட்சுபிஷியும் நாகஜிமாவும் கட்டின, இரண்டின் காக்பிட் பச்சையும் ஒன்றல்ல. உள்ளே மற்ற இடங்களில் அவோடாகே என்கிற நீலப்பச்சைப் பூச்சு, உலோகம் அடியில் தெரிகிற மாதிரி கண்ணாடித்தனமானது. அதற்கு முதலில் சில்வர் அடித்து, மேலே கிளியர் புளூவும் கிளியர் கிரீனும் கலந்து மெல்லியதாக ஓட்டுங்கள், சாதாரண மேட் பெயின்டில் அந்தத் தோற்றம் வரவே வராது. அப்புறம் நம் விமானப்படை 2025 செப்டம்பர் வரை ஓட்டிய மிக்-21. அதன் பிந்தைய வகைகளின் காக்பிட் டர்க்காய்ஸ் நிறம், பேனலின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. விமானம் சுழன்று விழுகிறபோது விமானி ஸ்டிக்கை நேர் நடுவில் பிடிப்பதற்கான அடையாளம் அது, தவறாமல் வரையுங்கள்.

படங்களை எப்படி நம்புவது? இன்று பறந்துகொண்டிருக்கும் பழைய விமானங்களின் காக்பிட் படங்கள் அழகாக இருக்கும், ஆனால் அவை பிற்பாடு புதிதாகப் பெயின்ட் அடித்தவை, ரேடியோவும் பெல்ட்டும்கூட இந்தக் காலத்தவை. போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறத்தைச் சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவும் மஞ்சள் இருண்டும் விழும். ஆனால் அதே படம் வேறொன்றை ரொம்பத் தெளிவாகச் சொல்லும்: எங்கே பெயின்ட் நிற்கிறது, எங்கே வெறும் உலோகம் தொடங்குகிறது, எது பளபளக்கிறது, எது மேட். என்னைக் கேட்டால் சாயல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, எல்லைகள் சரியாக விழ வேண்டும். பச்சை அரை ஷேட் தள்ளியிருப்பதை யாராலும் நிரூபிக்க முடியாது, பச்சை இருக்கவே கூடாத இடத்தில் இருந்தால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே படும்.

டப்பா வாங்குவதென்றால் மஸ்டாங்குக்கு வயேஹோ மாடல் ஏர் 71.010 அல்லது மிஸ்டர் ஹாபி அக்குவஸ் எச்58, ஸ்பிட்ஃபயருக்கு ஹம்ப்ரால் 78. டாமியா எக்ஸ்எஃப்-71இன் டப்பாவில் ஜப்பானியக் கடற்படைக் காக்பிட் பச்சை என்று போட்டிருக்கும், பலர் அதையே ஸ்பிட்ஃபயருக்கும் அடிக்கிறார்கள், எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை. எதை வாங்கினாலும் டப்பாவில் இருக்கிறபடியே அடித்தால் சின்னக் காக்பிட்டுக்குள் ஒரு படி இருட்டாகத் தெரியும், அதனால் கொஞ்சம் வெளிர் நிறம் கலந்து இளக்கிக்கொள்ளுங்கள், மேலே அடர் பழுப்பு வாஷ் (இடுக்குகளில் இறங்கும்படி நன்றாக நீர்த்த பெயின்ட்) கொடுத்தால் ஆழம் தானாக வரும். இளக்குவதற்கு மஸ்டாங் பச்சையில் வெள்ளையைவிட வெளிர் மஞ்சள் நல்லது, வெள்ளை அதைச் சுண்ணாம்பு பூசியது போல வெளுக்க வைத்துவிடும். கிட்டில் மிஞ்சும் ஸ்ப்ரூ (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் முதலில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் கறுப்புப் பேனலையும் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஈரமாக இருக்கும்போது தெரிகிற நிறம் வேறு. கனோப்பியை (காக்பிட்டின் மேல் கண்ணாடிக் கூடு) மூடி ஒட்டப் போகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் இளக்கலாம்.