ஃப்ரெய்ரேயின் கல்விச் சிந்தனை வீட்டுக்குள் உதவுமா?

"பாவ்லோ ஃப்ரெய்ரே சொன்னது வகுப்பறைக்குத்தானே, குடும்பத்துக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளரான அவருக்கே பெரிய பாடம் கிடைத்தது ஒரு பெற்றோர் கூட்டத்தில்தான்.

1950களில் பிரேசிலின் ரெசிஃபே நகரில், பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று தொழிலாளர்களிடம், குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் கருத்துகளை வைத்து நீளமாகப் பேசினார். முடித்ததும் ஒரு தொழிலாளி எழுந்து, இரண்டு வீடுகளை விவரித்தார்: பிள்ளைகளுக்குத் தனி அறை உள்ள ஃப்ரெய்ரேயின் வீடு, பசித்த பிள்ளைகளோடு எல்லோரும் ஒரே அறையில் முடங்கும் தங்கள் வீடு. திரும்பும் வழியில், அவர்களுக்குத் தன் பேச்சு புரியவில்லை என்று ஃப்ரெய்ரே அலுத்துக்கொண்டார். புரியாதது உங்களுக்குத்தானோ என்று கேட்டார் மனைவி எல்சா. (இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.)

வீட்டில் நாம் செய்வதும் பெரும்பாலும் அந்தச் சொற்பொழிவுதான். ஃப்ரெய்ரே இதை 'வங்கி முறை' என்றார்: ஒருவர் போடுவார், மற்றவர் வாங்கி வைத்துக்கொள்வார். மாற்று என்றால், பிரச்சினையை நடுவில் வைத்துச் சேர்ந்து யோசிப்பது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு அம்மா மட்டும் அடுப்படியில் ஆறிப்போன சாம்பாரோடு ஏன் உட்காருகிறார்? மகனுக்கு உபதேசம் வேண்டாம், இதைக் கேள்வியாகப் போடுங்கள். "எனக்கு இதே பழகிடுச்சு" என்பார் அம்மா. சரி, யார் பழக்கியது? பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும்.

அதற்காகப் பெற்றோருக்கு அதிகாரமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதிகாரம் வேறு, அடக்குமுறை வேறு என்றார். பத்து மணிக்கு மேல் போன் கிடையாது என்று நீங்கள் சொல்லலாம். ஏன் என்று பிள்ளை கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், அப்பாவின் போனுக்கும் அதே பத்து மணி.