2025-ஐத் தமிழ் எண்ணில் எழுதுவது எப்படி?

கேள்வி: புது வீட்டு வாசல் கல்வெட்டில் 2025 என்ற ஆண்டைத் தமிழ் எண்ணில் பொறிக்க வேண்டும். செயலி ஒன்று ௨௦௨௫ என்று காட்டுகிறது. ஊர்ப் பெரியவரோ ௨௲௨௰௫ என்றுதான் வரும் என்கிறார். எதைப் பொறிப்பது?

பதில்: இரண்டும் சரி. ஒன்று இன்றைய முறை, மற்றது பழைய முறை. கல்லுக்குப் பழைய முறைதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஆனால் இரண்டையும் ஒரே எண்ணில் கலக்கவே கூடாது.

ஒன்று முதல் ஒன்பது வரை இரு முறைக்கும் குறிகள் ஒன்றுதான்: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. இன்றைய முறையில் சுழியம் ௦ சேரும். 2025-இல் உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் அப்படியே மாற்றினால் போதும். பழைய முறையில் சுழியமே கிடையாது. அதற்குப் பதில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு.

பழைய முறைக்கு, எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டாயிரத்து இருபத்தைந்து. இரண்டு ஆயிரம் ௨௲, இரண்டு பத்து ௨௰, ஐந்து ௫. நூறு என்ற பேச்சே வரவில்லை, அதனால் ௱ இல்லை. பத்து, நூறு, ஆயிரம் தனியாக வந்தால் முன்னால் ௧ போட வேண்டாம்: 156 என்பது ௱௫௰௬, 1040 என்பது ௲௪௰. பத்தாயிரம் ௰௲, லட்சம் ௱௲, கோடி ௱௱௲.

காது ஏமாற்றும் இடம் ஒன்பதுதான். தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் கேட்கும். எழுதும்போது அவை ௯௰, ௯௱ மட்டுமே. ஆகவே 1999 என்பது ௲௯௱௯௰௯. இங்கே ௯௱-க்குப் பதில் ௯௲ விழுந்துவிட்ட கல்லைத் திருத்த வழியில்லை.

கலந்தால் என்ன ஆகும்? ௨௰௫ என்பது 25. நடுவில் உள்ள குறியை மட்டும் மாற்றி ௨௦௫ என்றால் 205. ஒரு குறி மாறினாலே எண் மாறிவிடும் என்பதால் வரைபடத்தைப் பெரிதாக்கித்தான் சரிபார்க்க வேண்டும்.

தட்டச்சில் இன்னொரு சிக்கல். ௧, ௨, ௭, ௮, ௰ ஆகியவை பார்வைக்கு க, உ, எ, அ, ய போலவே இருப்பதால் பலர் எழுத்தையே அடித்துவிடுகிறார்கள். கல்லில் அது பெரிதாகத் தெரியாது. கணினியில் அது எண்ணே அல்ல; தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினால் தவறான இடத்தில் போய் நிற்கும். மேலே உள்ள குறிகளையே நகலெடுத்து ஒட்டுங்கள். ௰, ௱, ௲ ஆகியவை கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சாதாரண இலக்கங்களாகச் சேர்க்கப்படவில்லை. பைத்தான் போன்ற நிரல்மொழி ௨௦௨௫ என்பதை 2025 என்று எடுத்துக்கொள்ளும். ௨௲௨௰௫ கொடுத்தால் பிழை காட்டும். படிவம், அட்டவணை, இணையதளம் என்று வந்தால் இன்றைய முறையே உதவும். தமிழ்ச் சுழியம் 2005-இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முந்தைய எழுத்துருவில் அந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியலாம்.

திருவள்ளுவர் ஆண்டையும் பொறிப்பதாக இருந்தால் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுங்கள்: 2056, அதாவது ௨௲௫௰௬. ஆண்டு தை முதல் நாளில்தான் பிறக்கிறது. எனவே விழா பொங்கலுக்கு முந்தைய ஜனவரி நாளில் நடந்திருந்தால் 30 மட்டும் கூட்ட வேண்டும்.

சிற்பியிடம் வாட்ஸ்அப் செய்தியாக எண்ணை அனுப்பாதீர்கள். அவர் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது குறிகள் தொலையலாம், வேறு எழுத்தாகவும் விழலாம். படமாகவோ பிடிஎஃப் ஆகவோ கொடுங்கள். கல்லில் ஒட்டும் அச்சுத்தாள் வந்ததும் ௨௲, ௨௰, ௫ என்று ஒவ்வொரு துண்டாகப் படித்துக் கூட்டிப் பார்த்து, 2025 வந்த பிறகே உளி வைக்கச் சொல்லுங்கள்.