தாய் தந்தைக்கு இல்லாத மொட்டைக் கழுத்து

கேள்வி: பெருவிடை என்னும் நாட்டுக்கோழி இனத்தைப் பல ஆண்டுகளாகக் கலப்பில்லாமல் வளர்த்து வருகிறோம். சென்ற முறை அடைவைத்துப் பொரித்த 11 குஞ்சுகளில் இரண்டுக்குக் கழுத்தில் இறகே இல்லை. சேவல், பெட்டை இரண்டுக்கும் கழுத்து நிறைய இறகு உண்டு. முன்னோரின் குணம் இப்போது வெளிப்பட்டிருக்குமா? இவற்றை இனவிருத்திக்கு வைக்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கழுகுக்கோழி, கிராப்புக்கோழி என்று நாம் சொல்லும் கோழியின் பண்பு இது. பொரித்த அன்றே கழுத்து மொட்டையாக இருந்ததென்றால் பேனும் கொத்தலும் காரணமாகா. இது ஓங்கு பண்பு. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் ஒற்றை மரபணு வந்தாலே வெளியில் தெரிந்துவிடும் என்பதால், தலைமுறை தாண்டி ஒளிந்திருந்து வெளிவர இதற்கு வழியில்லை. அக்கம்பக்கத்துக் கழுகுச்சேவல் உங்கள் பெட்டையை மிதித்திருக்க வேண்டும்; இல்லையேல் வேறு பெட்டையின் முட்டை அடையில் கலந்திருக்க வேண்டும். குஞ்சைக் கையில் ஏந்தி, அடிக்கழுத்தின் முன்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். சிறு குஞ்சம்போல் இறகுக்கொத்து தட்டுப்பட்டால் ஒற்றை மரபணு, அதாவது உங்கள் பெட்டையின் குஞ்சாகவே இருக்கலாம். கழுத்து முழுக்க வழுவழுவென்றிருந்தால் தாயும் தந்தையும் கழுகுக்கோழிகளே. அது உங்கள் பெட்டையின் முட்டையன்று.

எனக்குக் கவலை தருவது இந்த இரண்டல்ல, மற்ற ஒன்பதுதான். வந்துபோன சேவலுக்கு ஒற்றை மரபணுதான் இருந்தது என்றால், அதன் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி நிறைந்த கழுத்தோடுதான் பொரிக்கும். அவை பார்வைக்கு அசல் பெருவிடையாகத் தோன்றி, உங்கள் பல ஆண்டு உழைப்பைச் சத்தமில்லாமல் கலைத்துவிடும். எனவே இந்த ஈட்டுக் குஞ்சு எதையும் இனவிருத்திக்கு வைக்காதீர்கள். சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே பெட்டையை உங்கள் சேவலோடு மட்டும் அடைத்துவைத்து, நான்கு வாரம் கழித்து இடும் முட்டைகளையே அடைவையுங்கள்.

மொட்டைக் கழுத்துக் குஞ்சுகளை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. இறகு குறைந்த உடலில் வெப்பம் எளிதில் வெளியேறுவதால், நம் மதுரைச் சித்திரை வெயிலை இவை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். தனிப் பட்டியில் வளருங்கள்.

கேள்வி: சுருட்டை இறகு அலங்காரக் கோழிகளில் சேவல், பெட்டை இரண்டையும் சுருட்டையாகவே ஜோடி சேர்க்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். நான்கில் ஒரு குஞ்சுக்கு அப்பண்பு இரட்டையாகச் சேர்ந்து, இறகு நொறுங்கி உதிர்ந்து, குளிருக்கும் வெயிலுக்கும் தாங்காத வெற்றுடம்பாகிவிடும். ஒன்று சுருட்டை, மற்றது அதே இனத்தின் நேர் இறகுக் கோழி என்று சேருங்கள். பாதிக் குஞ்சுகள் அழகான சுருட்டையாகவே வரும்.