ஆசிட் பட்ட குழந்தைக்குத் தோல் ஒட்டு வைத்தாகிவிட்டது; இத்துடன் சிகிச்சை முடிந்துவிடுமா?

உங்கள் அண்ணன் மகளுக்கு எட்டு வயது என்றும், குளியலறை கழுவ வாங்கி வைத்திருந்த ஆசிட் கழுத்திலும் மார்பிலும் கொட்டி ஒன்றரை மாதம் ஆகிறது என்றும், தோல் ஒட்டு நன்றாகப் பிடித்துவிட்டதால் இனி கவலையில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீண்ட வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. தீக்காயப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஒட்டு பிடித்த மகிழ்ச்சியில் ஊருக்குப் போய், ஆறேழு மாதம் கழித்து மோவாய் நெஞ்சை நோக்கி இழுபட்ட நிலையில் திரும்பி வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆழமான ஆசிட் காயம் ஆறும்போது சுருங்கிக்கொண்டேதான் ஆறும். தொடையிலிருந்து மெல்லிய ஏடாகச் சீவி எடுத்து ஒட்டும் தோலும் ஓரளவு சுருங்கும். பெரியவர்களுக்கு இந்த இழுப்பு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அடங்கிவிடும். குழந்தைக்கோ எலும்பு வளர்கிறது, கழுத்து நீள்கிறது, தழும்பு மட்டும் அதே வேகத்தில் வளர்வதில்லை. ஆகவே பதினொன்று, பன்னிரண்டு வயதில் அவள் திடீரென்று உயரும்போது, இழுப்பை விடுவிக்க மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அப்படி நேர்ந்தால், முதல் டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்று அவரை நொந்துகொள்ளாதீர்கள்.

அறுவை சிகிச்சைகளுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் வீட்டாரின் பொறுப்பு. கழுத்து மடங்காமல் தாங்கிப் பிடிக்கக் கொடுத்த பட்டையை, அதாவது ஸ்பிளிண்ட்டை, டாக்டர் சொன்ன நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும். தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடையைக் குளிக்கவும் எண்ணெய் தடவவும் மட்டும் கழற்றி, நாளுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம், ஓராண்டுக்கும் மேலாக அணிய வேண்டும். அவள் வளர வளர அளவெடுத்து மாற்ற வேண்டும். தலையணையை எடுத்துவிட்டு, தோள்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் படுக்க வைத்தால் கழுத்து தானாக நிமிரும். நிமிர்ந்து பார் என்று ஆணையிட்டால் எந்தக் குழந்தையும் கேட்காது. டிவியை உயரத்தில் மாட்டிவிட்டால் கேட்கும். நான் கண்ட வரையில், இந்தச் சிகிச்சைக்குப் பெரிய இடையூறு பாட்டிமார்களின் இரக்கம்தான். பிள்ளை அழுகிறதே என்று இரவில் ஸ்பிளிண்ட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அடுத்த முறை அவர்களையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், டாக்டர் வாயால் கேட்க வையுங்கள்.

முதல் சில மாதங்களில் தழும்பு சிவந்து, தடித்து, முன்பைவிட மோசமாகத் தெரியும். அரிப்பும் தாங்க முடியாததாக இருக்கும். அரிப்புக்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தழும்பை மறைக்கிறோம் என்ற விளம்பரங்களுக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள், தழும்பு முதிர்வதற்கே ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆனால் இமை மூடாமல் இருந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, கழுத்து இறுகினாலோ, தழும்பு முதிரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூடாத இமை கருவிழியைக் காயவைத்துப் பார்வையையே கெடுத்துவிடும். முட்டை, மீன் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று கஞ்சியை மட்டும் ஊற்றுகிறார்கள். புதுத் தோல் வளரப் புரதம் வேண்டும் என்பதால் அவற்றைத்தான் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

கண்ணாடிகளை ஒளித்து வைப்பதை நான் ஏற்பதில்லை. அவள் எப்படியும் ஒரு நாள் பார்ப்பாள். அப்போது பக்கத்தில் நீங்கள் யாராவது இருப்பது நல்லது. பள்ளிக்குத் திரும்புவதற்கு முன் ஆசிரியரிடம் பேசுங்கள். பிள்ளைகள் கேட்டால், "ஆசிட் கொட்டிவிட்டது, இது யாருக்கும் தொற்றாது" என்று சொல்ல அவளைப் பழக்குங்கள். குளியலறைக்குப் போகவே பயப்படுவதும், படுக்கையை நனைப்பதும் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அரசு உதவி பற்றி ஒன்று: உச்ச நீதிமன்றம் 2013-ல் வகுத்த குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடும், ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-ல் உள்ள தனிப் பிரிவும் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களுக்கு உரியவை, விபத்துக்குப் பொருந்தா. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனித் தீக்காயப் பிரிவு இருக்கிறது. தொடர் சிகிச்சைக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆசிட் பட்டால் உடனே உடையைக் களைந்து, ஓடும் தண்ணீரில் அரை மணி நேரமாவது கழுவுங்கள், இங்க், இட்லி மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது, கழுத்தை நிமிர்த்தி மோவாய்க்கும் கழுத்தடியில் நெஞ்செலும்புக்கு மேலே உள்ள குழிக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை வீட்டில் இஞ்ச் டேப்பால் அதையே அளந்து குறித்து வாருங்கள். அளவு குறையத் தொடங்கினால், கொடுத்த தேதி வரட்டும் என்று காத்திராமல் அன்றே அழைத்துப் போங்கள்.