ஏரியில் மூழ்கிய ரிமோட் படகை எப்படி மீட்பது?

ரிமோட்டை அழுத்திப் பயனில்லை, அது அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைத் தண்ணீர் சில சென்டிமீட்டரிலேயே விழுங்கிவிடும். முதலில் வேண்டியது குறுக்குக் குறி. படகு மறைந்த புள்ளிக்கு நேரே எதிர்க்கரையில் தெரியும் மரத்தையோ கம்பத்தையோ நின்ற இடத்தை விட்டு நகராமல் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளி நிற்கும் நண்பரும் அப்படியே ஒன்று பார்க்கட்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் படகு கிடக்கும். ஒற்றைக் கோடு திசையைத்தான் சொல்லும். தண்ணீர்மேல் தூரம் கண்ணை நன்றாகவே ஏமாற்றும்.

மற்றபடி, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற வேலைதான். பாதாளக்கரண்டியை (பல கொக்கிகள் கொண்ட இரும்புக் கருவி) கயிற்றில் கட்டி, அந்த இடத்தைத் தாண்டி எறிந்து, அடித்தரையோடு மெதுவாக இழுங்கள். சுக்கானிலோ விசிறித் தண்டிலோ கொக்கி மாட்டும். (பாசியும் வரும், பழைய செருப்பும் வரும்.)

காந்தம் போட்டால் ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். பெரும்பாலான படகுகளின் உடல் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர். இரும்பெல்லாம் உள்ளே மோட்டாரில் இருப்பதால் பிடி கிடைப்பது அரிது.