பித்தப்பை போனால் எண்ணெயும் போக வேண்டுமா?

அன்புள்ள ஐயா,
கல் இருந்ததால் 3 வாரத்துக்கு முன் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இட்லி, ரசம் சாதம் ஒன்றும் செய்யவில்லை. போன ஞாயிறு ஒரு விசேஷத்தில் நாலு பூரி, இரண்டு வடை சாப்பிட்டேன். பொழுது சாய்வதற்குள் மூன்று முறை போய்விட்டது. "பித்தமே இல்லை, எண்ணெய் எப்படிச் செரிக்கும்?" என்கிறார் சித்தப்பா. எண்ணெயை அறவே விட்டுவிடவா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள வாசகருக்கு,
பித்தம் எங்கும் போகவில்லை. அதைச் சுரப்பது கல்லீரல். நாளுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இப்போதும் சுரக்கிறது. பித்தப்பை வெறும் தொட்டி. 30 முதல் 50 மில்லி பிடிக்கும், அதுவும் நீர் வற்றிச் சுண்டிய பித்தம். கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் அந்தப் பையைச் சுருக்கி, சுண்டியதை மொத்தமாகக் கொட்டவைக்கும். உங்களுக்கு இனி மொத்தமாகக் கொட்டாது, ஒழுகும்.

எண்ணெய்ச் சட்டியில் சோப்பு நீர் விட்டதும் படலம் துளித்துளியாகச் சிதறுமே, பித்த உப்பின் வேலை அதுதான். துளி சிறுத்தால்தான் கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்ற கொழுப்பை உடைக்கும் நொதிக்குப் பிடி கிடைக்கும். அது கழற்றிய கொழுப்பமிலங்கள் குடல் சுவருக்குள் மறுபடி கொழுப்பாகக் கோக்கப்பட்டு, நிணநீர் வழியே கழுத்தடியில் இடது காறை எலும்புக்கடியில் ரத்தத்தில் சேரும். தசை எரித்தது போக மிச்சம் கொழுப்புச் செல்லுக்கு. இதில் எதுவும் உங்களுக்கு மாறவில்லை.

ஒரே வேளையில் பூரியும் வடையும் வந்தால்தான் ஒழுகும் பித்தம் திணறும். செரிக்காத கொழுப்பு பெருங்குடலுக்கு இறங்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த உப்பில் ஏறக்குறைய 95 சதவீதத்தை மீட்டுவிடும். அதற்குத் தப்பியது அதிகமானால் பெருங்குடலில் நீரைச் சுரக்கவைக்கும். நீங்கள் ஓடியது இதனால்தான்.

ஆகவே எண்ணெயை விடாதீர்கள், பிரித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு வேளைக்கு 2 டீஸ்பூன், ஏறத்தாழ 9 கிராம் கொழுப்பு. தாளிப்பும் தோசைக்கல்லில் விடுவதும் இதற்குள் அடக்கம். தேங்காய்ச் சட்னியை மறந்துவிடுவார்கள், அதிலும் கொழுப்புதான். ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு டீஸ்பூன் கூட்டிப் பாருங்கள். துளி எண்ணெய் இல்லாமல் கீரையை மசித்துத் தின்பது வீண் தவம்: ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உள்ளே ஏறக் கொழுப்பு வேண்டும்.

மலம் வெளுத்து, எண்ணெய் மினுக்கத்தோடு மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டினால் கொழுப்பு உறிஞ்சப்படவில்லை என்று பொருள், மருத்துவரிடம் சொல்லுங்கள். மஞ்சளாக நீராகப் போவது மாதக்கணக்கில் நீடித்தால் பித்த உப்பைக் கட்டிவைக்கும் மருந்து இருக்கிறது. கண் மஞ்சளித்துச் சிறுநீர் கறுத்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.