அலாஸ்காவில் முதலில் எந்தப் பகுதிக்குச் செல்வது?

அலாஸ்காவின் நிலப்பகுதிகள் எவை, முதன்முறை செல்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மாநிலத்தை ஒரே பயணத்தில் சுற்றிவிட முடியாது என்பதால், பயணிகளுக்காக அதை ஐந்து பகுதிகளாகப் பிரிப்பது வழக்கம்.

தென்கிழக்கு, மழைக்காடுகளும் பனியாறுகளும் தீவுகளும் நிறைந்த கடலோரம். தலைநகரான ஜூனோ இங்கேதான் இருக்கிறது என்றாலும், வெளியூர்களிலிருந்து சாலையே இல்லாததால் கப்பலிலோ விமானத்திலோதான் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆங்கரேஜ் நகரும் கீனாய் தீபகற்பமும் அடங்கிய தென்மையப் பகுதியில் சாலைகள் ஓரளவு நன்றாக இருப்பதால், முதல் பயணத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். அங்கிருந்து ரயிலிலேயே உட்பகுதிக்குச் சென்று, 6,190 மீட்டர் உயரமுள்ள டெனாலி சிகரத்தையும் ஃபேர்பேங்ஸ் நகரையும் காணலாம். ஆனால் நடுக்கோடையில் அங்கு இரவு இருட்டுவதே இல்லை; துருவ ஒளியைக் காண விரும்புவோர் ஆகஸ்ட் பிற்பகுதிக்குப் பிறகே செல்ல வேண்டும்.

தென்மேற்கில், ஜூலை மாதம் புரூக்ஸ் அருவியில் பழுப்புக் கரடிகள் சால்மன் மீன் பிடிக்கும் காட்சிக்காகவே கட்மாய் தேசியப் பூங்காவுக்குச் சிறு விமானங்களில் பலர் வருகிறார்கள். வடக்கே இருப்பது மரங்களற்ற தூந்திரம். அங்கே செல்லும் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட் என்ற சிற்றூரைத் தாண்டினால் ஏறத்தாழ 385 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடைக்காது. தக்க முன்னேற்பாடு இல்லாமல் தயவுசெய்து அங்கே வண்டியோட்ட வேண்டாம்.